நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கையில் இருக்கிறது. ரூல் போட்ட நோட்டுத் தாளில், கணக்கு டீச்சருக்கே உரிய சீரான எழுத்து. இடைவேளையில் பிள்ளைகள் உங்களைத் தேடி வருவதையும், ஸ்டாஃப் ரூமில் யாருக்கு மனக்கஷ்டம் என்றாலும் உங்கள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்வதையும் எழுதியிருக்கிறீர்கள். ‘நீ நல்லா புத்தி சொல்ற, பேசாம கவுன்சலிங் படி’ என்று எல்லாரும் சொல்கிறார்களாம். முப்பத்திரண்டு வயதில், ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் எம்.எஸ்சி. படிக்கலாமா, எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்கிறீர்கள். பெயரும் ஊரும் சொல்லாமல் பொதுவில் பதில் எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் பலர் இருப்பார்கள்.

கல்லூரிக்குப் பிறகு வருகிறேன். ‘நல்லா புத்தி சொல்ற’ என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பலர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்வது ஒன்றுதான்: ‘நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க மேடம், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறான்.’ பக்கத்தில் அந்தப் பையன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு அப்பா சொல்லியாயிற்று, சித்தப்பா சொல்லியாயிற்று, டியூஷன் சார் சொல்லியாயிற்று. நான்காவது ஆளாக நானும் ஆரம்பித்தால் அவன் தலையை ஆட்டிவிட்டுப் போவான், அவ்வளவுதான். முதுநிலைப் படிப்பின் இரண்டு வருடமும் எனக்குப் பெரும்பாடாக இருந்தது இந்தப் பழக்கத்தை விடுவதுதான். உங்களைப் போலவே நானும் ஊரில் நன்றாகப் புத்தி சொல்கிறவள் என்று பெயர் எடுத்துவிட்டுத்தான் அந்த வகுப்புக்குள் போனேன்.

முதல் மாதத்திலேயே மூன்று மூன்று பேராக உட்காரவைத்தார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டியவர், மூன்றாமவர் வாய் திறக்காமல் குறிப்பெடுக்க வேண்டியவர். பதினைந்து நிமிடம். எனக்கு எதிரே உட்கார்ந்த தோழி, தம்பி தன்னோடு பேசுவதில்லை என்று ஆரம்பித்தாள். வீட்டுப் பாகப்பிரிவினையில் வந்த மனத்தாங்கல். நான் என்ன பத்திரம், யார் கையெழுத்து, தம்பி மனைவி என்ன சொன்னாள் என்றெல்லாம் கேட்டேன். நாலாவது நிமிடத்தில் தீர்வும் சொல்லிவிட்டேன்: ‘தீபாவளி வருதே, நீங்களே முதல்ல போய்ப் பாருங்க.’ மனதுக்குள் எனக்குப் பெருமை. பிறகு மூன்றாமவர் தன் குறிப்பை வாசித்தார். ‘அப்பா இருந்திருந்தா என்று இவங்க ரெண்டு தடவை ஆரம்பிச்சு நிறுத்தினாங்க. ரெண்டு தடவையும் நீங்க பத்திரத்தைப் பத்திக் கேட்டீங்க.’ தோழி அழுதுவிட்டாள். அவள் அப்பா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. திதி நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பி அங்கே ஒரு பொருட்டே இல்லை.

அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் என் பதினைந்து நிமிடம் நன்றாகப் போனதாகவே நம்பிக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான். நம் வேலையை உட்கார்ந்து பார்த்து, நாம் எதைக் கேட்காமல் விட்டோம் என்று சொல்லும் இன்னொருவர் இல்லாமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது. புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். அது வேறு.

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கர் பெயரை முதல் செமஸ்டரிலேயே கேட்பீர்கள். வருகிறவரை நோயாளி என்று அழைக்காமல், தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கத் தகுதி உள்ளவராக நடத்தியவர். 1957இல் அவர் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் இருக்க வேண்டியவையாகச் சொன்ன மூன்றையும் தேர்வுக்கு எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள்: பொய்முகம் இல்லாமல் இருப்பது, வந்தவரை நிபந்தனையில்லாமல் மதிப்பது, அவர் நிற்கிற இடத்திலிருந்தே அவர் உலகத்தைப் பார்ப்பது. எனக்கு அவரிடம் அதைவிடப் பெரிதாகப்படுவது வேறு. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, உரையாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யவைத்தார். 1942இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒருவரோடு நடந்த எட்டுச் சந்திப்புகளையும், பெயரை மாற்றி, வார்த்தைக்கு வார்த்தை அச்சிட்டார். அதுவரை மூடிய கதவுக்குள் நடந்த ஒன்றை, யார் வேண்டுமானாலும் ‘இங்கே ஏன் இப்படிச் சொன்னீர்கள்’ என்று கேட்கும்படி திறந்து வைத்தார். நாங்கள் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ‘வெர்பேட்டிம்’ எழுதியது அந்த வழியில் வந்ததுதான். தாளை மூன்றாக மடிக்க வேண்டும். அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனதில் ஓடியது. மூன்றாவது பத்தியை நேர்மையாக எழுத எனக்கு ஒரு வருடம் ஆனது. ‘இவர் சீக்கிரம் முடித்தால் ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்கலாம்’ என்று எழுதியதைப் படித்துவிட்டு என் மேற்பார்வையாளர் முதன்முறையாக ‘இப்பத்தான் கத்துக்க ஆரம்பிச்சிருக்கீங்க’ என்றார்.

நம் ஊரில் இந்தத் தொழிலின் பெயரே ஒரு சிக்கல். கவுன்சலிங் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு இன்ஜினீயரிங் சீட் ஒதுக்கீடுதான் ஞாபகம் வரும். ஆலோசனை என்றால் யோசனை சொல்வது, மறுபடியும் புத்தி சொல்வதிலேயே வந்து நிற்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆளெடுப்பு விளம்பரங்களில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று போடுகிறார்கள். எனக்குப் பிடித்த சொல் அது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வள்ளலிடம் பரிசு பெற்று வருகிறவர், வறுமையோடு எதிரே வருகிறவரை நிறுத்தி, எந்த வழி, எந்த ஊர், யார் சோறு போடுவார்கள் என்று சொல்வார். நடக்க வேண்டியவர் அவரேதான். ஆனால் அதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆற்றுப்படையில் போய்ச் சேர வேண்டிய இடம் சொல்பவருக்குத் தெரியும். என் அறையில் பல நாள் எனக்குத் தெரிவதில்லை. இலங்கைத் தமிழர்கள் ‘உளவளத்துணை’ என்கிறார்கள். போரின் நடுவிலும் அதற்குப் பிறகும் மனக்காயங்களோடு உட்கார்ந்து வேலை செய்த சமூகம் தேர்ந்துகொண்ட சொல்லில் ‘துணை’ இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

பெயரைவிடப் பெரிய சிக்கல் மொழி. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். வருகிறவர்கள் பேசுவது தமிழில். பாடப்புத்தகக் கேள்வியை அப்படியே மாற்றி ‘அப்போது நீங்கள் எவ்வாறு உணர்ந்தீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள், எதிரே இருப்பவர் டி.வி. பேட்டி என்று நினைப்பார். ‘மனசுக்கு எப்படி இருந்துச்சு?’ என்றால் பேச ஆரம்பிப்பார். அவர் சொல்லும் பதிலும் புத்தகத்தில் இருக்காது. ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பார். இந்த மூன்று வார்த்தையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணிக்கையே இல்லை. அது பயமாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம், மாமியார் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்த அவமானமாக இருக்கலாம். தலை பாரம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் ஓய்ந்து வருவது என்று உடம்பின் வழியாகத்தான் நம் பெண்கள் துக்கத்தைச் சொல்கிறார்கள். அதை ‘சரி, இது மனச்சோர்வு’ என்று அவசரமாக ஆங்கில லேபிளுக்குள் தள்ளிவிடாமல், ‘ஒரு மாதிரின்னா எப்படி, சொல்லுங்க’ என்று அங்கேயே காத்திருப்பதற்குப் பயிற்சி வேண்டும். இங்கே உங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. பத்து வருடமாக நீங்கள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வகுப்பில் அதை மறந்துவிட்டு ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களைப் பார்த்துச் சுருங்கிவிடாதீர்கள்.

‘அக்கா’ என்று கூப்பிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மேலைநாட்டுப் புத்தகத்தில் ஆலோசகரும் வந்தவரும் பெயர் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். இங்கே இரண்டாவது சந்திப்பில் நீங்கள் அக்கா ஆகிவிடுவீர்கள். அதைத் தடுக்க நான் முயல்வதில்லை. ஆனால் அக்கா என்றால் ஒரு கடமை வந்து சேர்கிறது: வீட்டுக்கு வர வேண்டும், கல்யாணத்துக்கு வர வேண்டும், புருஷனிடம் பேசிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் உறவு முறியாமல் எப்படி மறுப்பது என்பதை எந்தத் தாளிலும் தேர்வு வைப்பதில்லை. மேற்பார்வையில் மட்டும்தான் அதைப் பேச முடியும்.

இனி நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி தன் ஆய்வுக்காகச் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதன் பிறகு, பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அரசு மருத்துவமனைகளில் ஆலோசகர் என்ற நாற்காலி பரவலானதில் அந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைப் பார்க்கிறீர்களே, அதுதான். என் இரண்டாம் வருடக் களப்பயிற்சி அப்படி ஒரு மையத்தில். ஒரு நாள் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி முடிவு வாங்க வந்தாள். கணவருக்கு ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. இவளுக்கும் இருந்தது. சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ‘இப்ப மணி என்ன?’ பள்ளிக்கூடம் விடும் நேரம், பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டும் என்று பிறகு புரிந்தது. நான் தயாரித்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். மருந்து, சத்துணவு, அடுத்த பரிசோதனை, பயப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பதிவேட்டில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் திரும்ப வரவேயில்லை. வெர்பேட்டிமைப் படித்த மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. ‘மணி கேட்டாளே, சொன்னீங்களா?’ என்று மட்டும் கேட்டார். நான் சொல்லியிருக்கவில்லை. என்னிடம் அவள் கேட்ட ஒரே உதவி அது.

சரி, கல்லூரி.

கவுன்சலிங் சைக்காலஜியில் முதுநிலைப் படிப்பு சென்னையில் லயோலா கல்லூரி, மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களில் இருக்கிறது. வேறு பல ஊர்களிலும் வந்துவிட்டது. சில இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம், சில இடங்களில் இளநிலையில் உளவியல் கேட்பார்கள். உங்கள் பி.எஸ்சி. கணிதத்தையும் பி.எட்.டையும் சொல்லி எழுத்து வடிவில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விடாமல் தபால் வழியில் படிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வழி அடைபட்டுவிட்டது. உளவியல் உட்பட உடல்நலத் துறை சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் நிறுத்திவிட்டது. யாராவது இன்னும் அட்மிஷன் இருக்கிறது என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள். பலருக்கு, குறிப்பாகக் குடும்பப் பெண்களுக்கு, இது பெரிய இழப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எதிரே ஒரு ஆள்கூட உட்காராமல் ஆலோசகர் பட்டம் வாங்குவதை நான் ஒருநாளும் சரி என்று நினைத்ததில்லை.

கவுன்சலிங் சைக்காலஜியும் கிளினிக்கல் சைக்காலஜியும் ஒன்று என்று விளம்பரத்தில் குழப்புவார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு அந்தக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும். நீண்ட காலம் அது எம்.ஃபில். ஆக இருந்தது. 2022 விதிகளில் எம்.ஃபில். பட்டத்தையே யுஜிசி கைவிட்டு, இந்தத் துறைக்கு 2025–26 சேர்க்கை வரை நீட்டிப்புக் கொடுத்தது. ஆகவே பத்து வருடத்துக்கு முன் படித்த அக்கா சொல்லும் வழி உங்களுக்குப் பொருந்தாது. ஆலோசகர்களின் கதை வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் என்று வரையறுக்கும் பட்டியலில் ஆலோசகருக்கு இடம் இல்லை. 2021இல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில்தான் உளவியலாளரும் ஆலோசகரும் வருகிறார்கள். இந்த ஆணையத்தின் பாடத்திட்டத்தையும் பதிவு விதிகளையும் பொறுத்துத்தான் உங்கள் பட்டத்துக்கு நாளை மதிப்பு. சேரும் முன் அதைப் பற்றித் துறைத் தலைவரிடமே கேளுங்கள்.

அதைவிட முக்கியமாக நான் கேட்கச் சொல்வது இது. இரண்டு வருடத்தில் மாணவர் எத்தனை மணி நேரம் உண்மையான மனிதர்களோடு உட்காருகிறார்? அந்த மணி நேரங்களை யார் மேற்பார்வை செய்கிறார்? அவர் இப்போதும் ஆட்களைப் பார்க்கிறவரா, பாடம் மட்டும் நடத்துகிறவரா? ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்? களப்பயிற்சி இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நீங்களே கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? நூலகத்தையும் ஏசி வகுப்பறையையும் சுற்றிக் காட்டிவிட்டு இந்தக் கேள்விகளுக்கு மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். கூடவே, கடைசி வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, ‘உங்க டேப்பை யாராவது கேட்டாங்களா?’ என்று விசாரியுங்கள்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளிடம் ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். 2012 போக்சோ சட்டப்படி ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால் அதைத் தெரிவிக்காமல் இருப்பது குற்றம், ஆசிரியருக்கும் ஆலோசகருக்கும் விலக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ‘நீ சொல்றது நமக்குள்ள இருக்கும். ஆனா உன் உசுருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லியாகணும், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.’ குழந்தைகள் இதைப் புரிந்துகொள்வார்கள். கொடுத்த வாக்கை மீறினால்தான் புரிந்துகொள்ள மாட்டார்கள். யாருமில்லாதபோது காதில் குரல் கேட்கிறது என்றாலோ, நாட்கணக்கில் தூக்கமே இல்லை என்றாலோ மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அதில் உங்கள் திறமைக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை ஸ்டாஃப் ரூம் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பணத்தைப் பற்றி மறைக்க எனக்கு விருப்பமில்லை. படித்து முடித்த மறுநாள் உங்கள் இப்போதைய சம்பளம் கிடைக்காது. தனியார் பள்ளிகளில் ஆலோசகரை நியமித்துவிட்டு லீவு போட்ட டீச்சரின் பீரியடுக்கு அனுப்புகிறார்கள். அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. தனியாக அறை போட்டு ஆள் வரத் தொடங்க வருடங்கள் ஆகும். உங்கள் வீட்டுக்காரரோடு இதை எண்களாக எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உடனே வேலையை விடாமல் பார்க்க ஒரு வழி உண்டு. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’வைப் போன்ற தற்கொலைத் தடுப்பு மையங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான் போனை எடுக்கிறார்கள். அவர்கள் ஆலோசகர்கள் இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. தீர்வு சொல்லாமல், தீர்ப்புச் சொல்லாமல் கேட்கிறார்கள். உங்கள் ஊருக்கு அருகில் அப்படி ஒன்று இருந்தால் கோடை விடுமுறையில் போய் விசாரியுங்கள். விடிகாலை இரண்டு மணிக்கு அழும் ஒரு குரலுக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், அடுத்த வாரமே ஒன்று செய்து பாருங்கள். இடைவேளையில் ஒரு பிள்ளை வந்து பேச ஆரம்பிக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் உங்கள் வாயிலிருந்து ‘நீ என்ன பண்ணணும்னா’ என்று வருகிறது? அன்று மாலை வீட்டுக்குப் போனதும் தாளை மூன்றாக மடித்து, பெயர் எதுவும் போடாமல், நினைவில் இருப்பதை எழுதுங்கள். மூன்றாவது பத்தியைக் காலியாக விடாதீர்கள். எனக்கு அனுப்பினால் பக்கத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா